குடல் இறங்குகிறது என்றார்கள்

கல்யாணமான புதிதில் பேரையூரில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலி. "குடல் ஏறியிருக்கு மாப்ள, வழிச்சுவிட்டா சரியாயிரும்" என்று சின்ன மாமனார் விளக்கெண்ணெயோடு வந்துவிட்டார். புது மாப்பிள்ளை எப்படி வேண்டாம் என்பது? பாயில் படுத்தேன். மச்சான் காலைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வயிற்றை அமுக்கி வழிக்க வழிக்க உயிர் போயிற்று. "வலிக்குது மாமா" என்றால், "வலிச்சாத்தான் எறங்குதுன்னு அர்த்தம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால், "அம்புட்டுத்தான், வலி விட்டுருச்சு" என்று இன்னும் அழுத்தினார். எப்படியும் தப்ப வழியில்லை. கடைசியில் வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தது. அதைச் சொன்னதும் வீடே சந்தோஷப்பட்டது. குடல் இறங்கிவிட்டதாம்.

என் மனைவி மட்டும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் கொதித்தது. "போதும் சித்தப்பா, கையை எடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரை வரவழைத்தாள். மதுரையில் ஆபரேஷன் செய்து குடல்வாலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது என் மகன் வயிற்று வலி என்று வந்தால் நான் கை வைப்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். அவன் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.