தெல்தோட்டையில் பதினொரு வெற்றுக் கட்டங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தெல்தோட்டைக்குப் போய் வந்தேன். தேயிலை மலையைப் படம் பிடிக்கப் போகவில்லை. ஒரு நோயாளியிடம் நான்கு கேள்விகள் கேட்கப் போனேன். வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் காசநோய்க் கிருமியின் புரதங்களை ஆராய்வது என் வேலை. ஐசோனியாசிட் என்ற மாத்திரை தானாகக் கிருமியைக் கொல்லாது. கிருமிக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் அதை நஞ்சாக மாற்றும். அந்தப் புரதத்தில் ஓர் இடம் மாறிவிட்டால் மாத்திரை உள்ளே போய்ச் சும்மா கிடக்கும். தெல்தோட்டை அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சளி மாதிரியில் அந்த மாற்றம் இருந்தது. கூட வந்த படிவத்தில் ‘மருந்தை ஒழுங்காக எடுக்காதவர், தவறிய நாட்கள் 11’ என்று இருந்தது. நானும் அதை அப்படியே என் அட்டவணையில் ஏற்றிவிட்டேன். எந்தெந்த நாட்களில் எந்த மாத்திரைகள் தவறின என்று கேட்கத்தான், மருத்துவமனையின் அனுமதியோடு, இந்தப் பயணம்.

காலை 6.10க்குக் குண்டசாலையில் பஸ் ஏறி 6.45க்குக் கண்டி. 7.15க்குத் தெல்தோட்டை பஸ், 180 ரூபாய். கலஹா வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வளைவுகளில் குடல் வாய்க்கு வரும். 9.05க்கு இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர், முச்சக்கர வண்டிக்கு 700 ரூபாய். இருமல் குறைந்ததும் இந்தச் சனங்கள் மாத்திரையை வீசிவிடுவார்கள் என்று சாரதி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சளி மாதிரிக்குரிய ராஜேஸ்வரி அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) கொழுந்து பறிப்பவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே எனக்கு ஒரு கதிரை போட்டுவிட்டு, முகக்கவசத்தோடு தள்ளி உட்கார்ந்தார். எந்த நாட்களில் தவறியது என்று கேட்டேன்.

“ஒரு நாள்கூட விடல தம்பி. வயித்தப் பெரட்டும். அப்பவும் முழுங்கினேன்.”

உள்ளே போய், நாளுக்கொரு கட்டம் போட்ட மருந்து அட்டையை எடுத்து வந்து காட்டினார். முதல் இரண்டு மாதங்களில் பதினொரு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றைச் சுட்டிக் காட்டினேன்.

“அன்னைக்கெல்லாம் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருக்குங்க. மொத நாளே மாத்திரையக் கையில குடுத்துருவாங்க. வீட்டுல முழுங்குவேன்.”

கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்பது ஞாயிறு, இரண்டு பௌர்ணமிப் போயா விடுமுறை. ஒரு நாள்கூட மிச்சமில்லை.

திரும்பும் வழியில் டிஸ்பென்சரியில் இறங்கிக் கேட்டேன். தாதி மறுக்கவில்லை. கண் முன்னால் விழுங்கினால் மட்டுமே அடையாளம் போட வேண்டும் என்பது விதியாம். விதிப்படி அவர் கட்டத்தை வெறுமையாக விட்டார். எங்கோ ஒரு மேசையில் யாரோ வெற்றுக் கட்டங்களை எண்ணி, ‘தவறிய நாட்கள்’ என்று எழுதினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? இரண்டு மாதமாகியும் சளியில் கிருமி போகாதபோது, மருந்து வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும். விரைவுப் பரிசோதனை ஐசோனியாசிட்டை அல்ல, வேறொரு மருந்தை மட்டும் பார்த்து, கிருமிக்கு எதிர்ப்பு இல்லை என்றது. அதோடு விட்டார்கள். இந்தப் பதினொன்றைக் காட்டி, “முதலில் ஒழுங்காகச் சாப்பிடு” என்று அதே மாத்திரைகளை இன்னும் இரண்டு மாதம் கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதமும் அவர் ஒரே அறையில் மகளோடு படுத்து இருமினார். இப்போது மகளுக்கும் பரிசோதனை நடக்கிறது.

கிளம்பும் முன்பே அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன், நானும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன் என்று. அவர் கோபப்படவில்லை.

“எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து கேட்டிருக்கலாமே தம்பி.”

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவ்வளவு தூரம்தான்.

இப்படி மருத்துவ வேலையாகப் போகிறவர்களுக்கு: அனுமதிக் கடிதம், முகக்கவசம், குடை மூன்றும் வேண்டும். காலையிலேயே போங்கள். முச்சக்கர வண்டியைக் காத்திருக்கச் சொன்னால் 500 ரூபாய் கூடும். நோயாளியின் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் உட்காருங்கள். கோப்பில் படித்ததை வைத்துப் பேசத் தொடங்காதீர்கள்.

எங்கள் ஆய்வுகூட முடிவைப் பார்த்ததும் மருத்துவமனையில் மருந்தை மாற்றினார்கள். அக்கா முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். ‘ஒழுங்காக எடுக்காதவர்’ என்பதை அடித்துவிடக் கேட்டு மருத்துவமனைக்கு எழுதினேன். முடிந்த படிவத்தைத் திருத்த வழியில்லையாம். என் அட்டவணையில் அடித்துவிட்டேன். கோப்பில் அவர் இன்னும் மருந்து சாப்பிடாதவர்தான்.