பாடம் ஒன்று, குரல்: வெர்னெட்டா

2019 மார்ச் 31. வெர்னெட்டாவின் கடவுச்சீட்டில் குத்தியிருந்த கடைசித் தேதி அது. வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டார்கள். அந்தத் தேதிக்குள் வேறொரு பள்ளி ஒப்பந்தம் தராவிட்டால் அவள் தாய்லாந்தை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் ஒன்பது நாள் இருந்தது.

வயது நாற்பத்து நான்கு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்த கறுப்பினப் பெண். பதினோரு ஆண்டுகளில் மூன்று நாடுகள், எட்டுப் பள்ளிகள், எல்லாவற்றிலும் ஆங்கில ஆசிரியை. தன்னைப் போல் புதிதாக வந்து இறங்குகிற கறுப்பினத்தவருக்காக இணையக் குழு ஒன்றில் பாடங்கள் எழுதி வைத்திருந்தாள். தலைக்கு எண்ணெய் ஊரிலிருந்தே கொண்டு வா. கேட்காமல் உன் முடியைத் தொடுகிறவர்களில் குழந்தைகளை மட்டும் மன்னித்துவிடு. பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லையென்றால் உன் பையை வைத்துவிடு, காலியாகத் தெரியாது. வேலை கேட்கும்போது குரலை முதலில் அனுப்பு, முகத்தைக் கடைசியில் காட்டு.

அந்தக் கடைசிப் பாடத்தை நம்பித்தான் வெள்ளிக்கிழமை காலை உடோன் தானி நகரத்து மொழிப்பள்ளிக்கு வந்தாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கேட்டுப் படிக்கிற பாடம் அத்தனையும் அவள் குரல். ஆறு வருடமாகப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். மேலாளர் ஓரதாய் அவளை நேரில் பார்த்ததே இல்லை. தொலைபேசியில் துள்ளிக் குதித்தாள்: "நீங்களா டீச்சர்! உங்க குரல் எங்க பிள்ளைங்களுக்கு மனப்பாடம். பேருக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

பள்ளிக்கு எதிரே தாவின் கடை. பச்சைப் பப்பாளியை உரலில் மிளகாயோடு இடித்து விற்கிறவள்; அந்த இணையக் குழு வழியாக வெர்னெட்டாவுக்குப் பழக்கம். போர்க்காலத்தில் இங்கிருந்த அமெரிக்க விமானத்தளத்துக்கு வந்த கறுப்புச் சிப்பாய் ஒருவன் அவளுக்கு அப்பன். அவள் நடை பழகுவதற்குள் போய்விட்டான். தாவ் இந்த ஊரைத் தாண்டியதில்லை.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி வந்திருக்க?"

"வேலை கெடைச்ச மாதிரிதான்க்கா. போன்லயே சரின்னுட்டாங்க."

"போன்ல மூஞ்சி தெரியாதில்ல." தாவ் உலக்கையைத் தூக்கினாள். "நீ ஏரோப்ளேன் ஏறி வந்து வாங்குற பேச்சை நான் இங்கயே பொறந்து வாங்குறேன். நேத்துகூட ஒருத்தன், 'நல்லா தாய்லாந்து பாஷை பேசுறீங்களே, எந்த நாடு?'ங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"அடுத்த தெருன்னேன்."

வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் ஒரு சிறுமி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வெர்னெட்டா பதிவுகளில் எப்போதும் சொல்கிற வரியைச் சொன்னாள்: "புத்தகத்தை மூடுங்கள். முதலில் கேளுங்கள்."

புத்தகம் இறங்கியது. "இவங்கதான்! பொட்டிக்குள்ள பேசுறவங்க!" என்று கத்தினாள் அந்தச் சிறுமி.

அதன்பிறகு நாற்பது நிமிடம் ஆட்டமும் பாட்டுமாக ஒருவரும் இருக்கையில் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆறு அம்மாக்கள் நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அலுவலக அறைப் பக்கம் நடந்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஓரதாய் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"பிள்ளைங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு டீச்சர். நானே பார்த்தேன். ஆனா பெத்தவங்க... விளம்பரத்துல போட்ட மாதிரி ஆள்தான் வேணும்ங்கிறாங்க."

ஜன்னல் வழியே விளம்பரப் பலகை தெரிந்தது. வைக்கோல் நிற முடியோடு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவர் யாரு?"

"தெரியல டீச்சர். அச்சகத்துக்காரர் போட்டது." ஓரதாய் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "பதிவு வேலையை மட்டும் விட்டுடாதீங்க. அதுக்கு நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் பரவாயில்ல. குரல் போதும்."

திரும்பி வந்தவளின் முகத்தைத் தாவ் பார்த்தாள். உரலில் மூன்று மிளகாய் கூடுதலாகப் போட்டு இடித்துத் தட்டை நீட்டினாள்.

"சாப்பிடு. யாராவது கேட்டா காரம்னு சொல்லிக்கலாம்."

வெர்னெட்டா சாப்பிட்டாள். கண்ணீரும் மூக்கும் சேர்ந்து ஒழுகின.

"அடுத்து எந்த நாடு?"

"தெரியலக்கா. எங்க போனாலும் ஒரு கண்ணாடி இருக்கு, அதுக்கு வெளிய ஆறு பேரு நிக்கிறாங்க."

"உனக்காவது போறதுக்கு இடம் இருக்குன்னு நெனச்சேன்" என்றாள் தாவ்.

செல்போனை எடுத்து அந்தக் கடைசிப் பாடத்தை வெர்னெட்டா அழித்தாள். அதற்குப் பதிலாக எழுத அவளிடம் ஒன்றும் இல்லை.

மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, நோங் காய் பாலம் தாண்டி லாவோஸுக்குள் போனாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, போலந்திலிருந்து வந்த புது ஆசிரியர் அந்த வகுப்பில் பாடம் ஒலிக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். புத்தகத்தை மூடச் சொன்னது வெர்னெட்டாவின் குரல். பதினெட்டுப் பேரும் மூடினார்கள்.