பூனையை விட்டு வராத சுனில்தா

சுனில்தா ஒயார்சே எங்கள் மலைச்சரிவில் பள்ளிச் சீருடை தைப்பவள். சிலி நாட்டு வால்பராய்சோவில் கோடைக்காற்று எழுந்தால் எல்லோரும் மேலே புகை தெரிகிறதா என்று பார்ப்போம். அவளோ தையலைப் போட்டுவிட்டு ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவாள். எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை; சில வருடம் முன் அந்த மாதத்தில் வந்த தீக்குப் பிறகு பிடித்த பயம் அது.

அந்தத் தீ வந்த அன்று மதியம் மேல்தெரு யூகலிப்டஸ் மரங்கள் பற்றிக்கொண்டன. எல்லோரும் அடிவாரத்து விளையாட்டுக் கூடத்துக்கு இறங்க வேண்டும், பிராணிகளுக்கு இடமில்லை என்று ஒலிபெருக்கி கத்தியது. அவள் பூனை மோத்தா கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சுனில்தா கதவைத் தாழிட்டுவிட்டுத் தானும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

நான் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரி. கீழே வந்த பிறகுதான் அவளைக் காணோம் என்று தெரிந்தது. எலிசெயோ என்ற தீயணைப்பு வீரர் திரும்ப ஏறிப் போனார். புகைக்குள்ளிருந்து அவளையும் பூனையையும் இழுத்து வந்தபோது அவருடைய இடது கை வெந்திருந்தது.

அதன் பிறகு அவரைத் தூரத்தில் கண்டாலே சுனில்தா சந்துக்குள் ஒதுங்கிவிடுவாள்.

இரண்டு வருடம் கழித்து மைத்தே ஊவென்சூல் என்ற ஆராய்ச்சியாளர் வந்தாள். தீ நெருங்கும்போதும் வளர்ப்புப் பிராணிக்காகப் பின்தங்குகிறவர்களைப் பற்றி ஆராய வேண்டும் என்றாள். தலைநகர் சந்தியாகோவில் ஓர் அறக்கட்டளை நிதி தரக்கூடும். ஆனால் அப்படிப் பின்தங்கிய ஒருவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம்.

“நான் வரலம்மா. ஒரு பூனைக்காக மனுஷன் கையை எரிச்சவ இவதான்னு எழுதி வெச்சுக்குவாங்க.”

“பேரையே எழுத மாட்டோம் சுனில்தாம்மா.”

“மூஞ்சி தெரியுமில்ல!”

“நானும் கூட வர்றேன்டி. பயமா இருந்தா என் கையைக் கிள்ளிக்கோ” என்றேன்.

சந்தியாகோ போகும் பேருந்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அறக்கட்டளை அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நரைமீசைக்காரர் ஒருவர் கேட்டார்: “ஒரு பூனைக்காகவா?”

என் கையில் அவள் நகம் பதிந்தது. அவரைப் பார்த்துச் சொன்னாள்:

“அதை விட்டுட்டுக் கீழ வந்திருந்தா மட்டும் சும்மா உக்காந்திருப்பேனா ஐயா? திரும்ப ஏறித்தான் போயிருப்பேன். பூனையும் வரலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல்ல இறங்கினவ நானாத்தான் இருப்பேன். அந்த மனுஷன் கையும் தப்பிச்சிருக்கும்.”

பாதி நிதி தருவதாகச் சொன்னார்கள். மீதிக்கு நாங்கள் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் எண் அட்டை வைத்து ஆடும் பிங்கோ ஆட்டம் நடத்தி, சாஸேஜ் ரொட்டி விற்றோம். பரிசுக்கு வைத்த போர்வைகளைத் தைத்தது சுனில்தாதான். ஆட்டம் பாதியில் இருக்கும்போது எலிசெயோ உள்ளே வந்தார். அவள் சமையலறைக்குள் ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் நேராக அங்கேயே போனார்.

“பூனை எப்படி இருக்கு?”

“இருக்கு” என்றாள்.

“தீக்காயம் எப்பவோ ஆறிடுச்சு. உங்க பூனை கடிச்ச தழும்புதான் போகவே மாட்டேங்குது!”

அவர் சிரித்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மைத்தே ஒரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுனில்தா கூடவே போய்த் தன் கதையைச் சொன்ன பிறகுதான், நாய்க்காக, கிளிக்காகத் தங்கியவர்களெல்லாம் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நகராட்சி, தீ வந்தால் பிராணிகளுக்கென்று பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகளை ஒதுக்கியது.

போன பிப்ரவரியில் மறுபடி புகை கிளம்பியது. சுனில்தா பூனைக் கூடையோடு எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள். பள்ளி வாசலில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

“திருப்பி அனுப்பிட்டா என்னடி பண்ணுவேன்?”

வாசலில் நின்ற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நாயா, பூனையா?”

“பூ... பூனை.”

“இடது பக்கம் ரெண்டாவது அறை. சீக்கிரம் போங்க, பின்னால ஆள் நிக்குது.”

காற்று திசை மாறியதால் தீ எங்கள் தெருவரை வரவில்லை. மறுநாளே எல்லோரும் வீடு திரும்பினோம். சுனில்தா மட்டும், தீ திரும்ப வந்துவிடுமோ என்று, நான்கு நாள் அந்த அறையை விட்டு வெளியே வர மறுத்தாள். அவளைப் பார்க்க வந்த மைத்தே பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஆராய்ச்சிக்காக அதையும் குறித்துக்கொண்டாள்.