தண்ணீருக்கு வந்த நோய்

தியாகராய நகரில் முருகையனின் கடைக்குப் புடவை எடுக்கப் போனால், பில் போடுவதற்குள் அவர் மகள் சூடாமணியைப் பற்றி ஒரு வார்த்தையாவது காதில் விழும். "நாங்க இங்க புடவ மடிக்கோம். எம்மவ கிண்டியில புரதம் மடிக்கா" என்பார். நெல்லைப் பேச்சு இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. தான் மடிக்கவில்லை, அது ஏன் தப்பாக மடிகிறது என்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், சூடாமணி விட்டுவிட்டாள்.

அவள் கல்லூரி முடித்த வருஷம் கடையைக் கூடவே பார்த்துக்கொண்ட அத்தை பங்கஜம் நோயில் விழுந்தாள். எத்தனை வருஷம் கழித்து வரும் வாடிக்கையாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவள், சில மாதங்களில் ஞாபகமும் பேச்சும் நடையும் போய் இறந்துபோனாள். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்தில் இருப்பவற்றையும் தன்னைப் போலவே கெடுத்துக்கொண்டு போகும் பிரியான் நோய் என்றார் டாக்டர். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருமாம், மருந்து கிடையாதாம். சூடாமணிக்கு அழுகையோடு கோபமும் வந்தது. கடையில் உட்கார வேண்டியவள் ஆராய்ச்சிக்குப் போனாள்.

இப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவன் புகழேந்தியோடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறாள். மூக்குக்குள் மெல்லிய குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியை வைத்தே இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். மாதிரியில் கெட்ட புரதம் இருந்தால், சோதனையில் சேர்க்கும் நல்ல புரதமும் கெட்டு ஒளிரும். திரையில் கோடு ஏறும். இல்லையென்றால் கோடு படுத்தே கிடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடைக்கு வருபவர்களிடம் போய்க் கேட்டாள். நோயின் பெயரைச் சொன்னதுமே எல்லாருக்கும் நடை வேகம் கூடிவிட்டது. சரி, முதலில் நாமே கொடுப்போம் என்று அவளும் உடன் வேலை பார்க்கும் சஃப்வானும் தங்கள் மூக்கைத் தடவிக்கொண்டார்கள். வெறும் ஒத்திகைதானே என்று அவரவர் மாதிரியை அவரவரே சோதித்தார்கள்.

சூடாமணியின் கோடு ஏறியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் அடுப்பில் பாலை வைத்து மறந்தாள். புகழேந்தியைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாம்பலத்தில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்காமல் பரங்கிமலை வரை போனாள். அத்தைக்கும் இப்படித்தானே தொடங்கியது! கடைசியில் தாங்க முடியாமல் சஃப்வானிடம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், என்னுதும் ஏறிச்சு."

"எப்ப?"

"போன வாரம். வூட்ல கூட சொல்லல. நேத்து பையன் ஸ்கூல் பேரு மறந்துட்டேன், அவ்ளோதான்னு நெனச்சிக்கினேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருவது ஒரே அறையில் இரண்டு பேருக்கா? சூடாமணி சட்டென எழுந்துபோய், மாதிரி எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரை வைத்து இயந்திரத்தை ஓட்டினாள். ஒத்திகைதானே என்று முன்பு அவர்கள் விட்டுவிட்ட சோதனை அது.

தண்ணீரின் கோடும் ஏறியது.

"பாவம், தண்ணிக்கும் வந்துடுச்சு" என்றார் சஃப்வான். கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். விசாரித்துப் பார்த்தால், மின்வெட்டில் குளிர்பெட்டி நின்றுபோய், உள்ளே இருந்த நல்ல புரதம் உருகி மறுபடி உறைந்திருந்தது. அது தானாகவே கெட்டுப்போய் எல்லாவற்றுக்கும் ஒளிர்ந்திருக்கிறது. புதிதாகப் புரதம் தயாரித்துச் சோதித்தபோது இருவர் கோடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன. பிறகு நோயாளி ஒருவரின் மாதிரியை வைத்தார்கள். அது மட்டும் ஏறியது. இத்தனை வருஷ உழைப்பில் சோதனை ஒழுங்காக வேலை செய்தது அன்றுதான்.

அன்றிரவு நடந்ததையெல்லாம் கேட்ட புகழேந்தி, முன்பே ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டான். அப்புறம் இதைக் கடற்கரையில் போய்ச் சொல்லச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடந்து களைத்து மணலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவள் தண்ணீர் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். பயந்தவர்களே சிரித்தார்கள். மயிலாப்பூரிலிருந்து வரும் அனந்தராமன் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி, வலிக்குமா என்று மட்டும் கேட்டார். தும்மல் வரும் என்றாள்.

"தும்மல்தானே? எழுதிக்கோங்கோ. எங்காத்துல ரெண்டு பேரும் வரோம்" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் கை தூக்கினார்கள்.