நாற்பத்திரண்டாம் தாள்

என் தங்கை போர்ச் சட்டத்தில் பெரிய ஆள் என்று சொன்னால், கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் ஓரடி பின்னால் போகிறார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் அவள் நாற்காலிமேல் ஏறிவிடுவாள். அதை நான் கடையில் சொல்வதில்லை.

அவள் வேலை இதுதான். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நீதிபதி, போர் வந்தால் யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது, பிடிபட்டவனுக்கு என்ன சாப்பாடு, பழமரத்தை வெட்டலாமா என்றெல்லாம் இஸ்லாமியச் சட்டப்படி அரபியில் எழுதிவைத்தார். கையெழுத்துப் பிரதி ஒன்றுதான் மிச்சம். அதை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இதிலேயே நாலு வருஷம் போயிற்று. நான் எட்டாவதோடு சரி. அரபியை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பொருள் தெரியாது. கோட்டிலும் சால்வையிலும் பூச்சி அரித்த ஓட்டையை, அதே துணியின் மடிப்பிலிருந்து இழை உருவி, இருந்த இடம் தெரியாமல் மூடுவது என் தொழில்.

அந்த நீதிபதியிடம் தங்கை ஒரு கோணல் கண்டுபிடித்திருந்தாள். நாற்பத்தொன்றாம் தாளில், எதிரி நாட்டில் ஏர் ஓட்டுகிறவனைத் தொடக்கூடாது என்கிறார். நாற்பத்திரண்டில், பிடித்துக் கட்டு, கையில் இருப்பதைப் பறி என்கிறார். ராஜாவுக்குப் பயந்து பல்டி அடித்துவிட்டார் என்று இவள் நாற்பது பக்கம் முன்னுரை எழுதினாள். அந்த முன்னுரைக்காகத்தான் பதிப்பகத்தார் புத்தகத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தது. மூலத்தின் படங்களைப் பெரிதாக எடுத்து, வரிசைப்படி பரப்பிப் பார்க்க என் கடைக்குக் கொண்டுவந்தாள். என் மேஜை ஏழடி நீளம். கணினியில் கறை, ஓட்டை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் படிப்பாளாம். இவை துடைக்காதவை.

“இந்தப் புழு எங்கம்மா போச்சு?” என்றேன்.

“எங்கே புழு?” நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

“அது செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு, நில்லு. நாப்பத்தொண்ணுல கீழ் மூலையில ஓட்டை. நாப்பத்திமூணுலயும் அதே இடம், அதே சைஸ். நடுவுல இருக்கிறதுல காணோம்.”

“அதனால?”

“துளைச்சுக்கிட்டுப் போற ஜென்மம் அது. தாண்டிக் குதிக்காது.”

நாற்பத்திரண்டில் ஓட்டை மேல் ஓரத்தில் இருந்தது. ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு தாளாக அளந்துகொண்டே போனேன். அறுபத்தேழிலும் அறுபத்தெட்டிலும் அதே மேல் ஓரம். மூன்றையும் அடுக்கி, ஓட்டை இருந்த இடத்தில் ஊசியை இறக்கினேன். மூன்றாவதிலும் ஓட்டைக்குள்ளேயே வெளிவந்தது.

அவள் அறுபத்தேழின் கடைசி வரியையும் நாற்பத்திரண்டின் முதல் வரியையும் சேர்த்துப் படித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அது வழிப்பறிக் கொள்ளைக்காரர்களைப் பற்றிய அத்தியாயம். பிடி, பறி என்றதெல்லாம் அவர்களை. என்றைக்கோ புத்தகத்தைப் பிரித்துக் கட்டியவர், கழன்ற தாளை இடம் மாற்றிச் செருகியிருக்கிறார். வாக்கியம் தாளோடு முடிந்ததால் யாருக்கும் இடிக்கவில்லை.

“முன்னுரை போச்சு. முன்னுரை போனா புஸ்தகமும் போச்சு,” என்றாள்.

நான் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினேன்.

“அண்ணே, புழு ஓட்டைய எல்லாம் யாருண்ணே எண்ணப்போறாங்க?”

“நான் எண்ணிட்டேனே.”

“உன்ன அம்மா ஸ்கேலோடயே பெத்தாங்களா?”

இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நீதிபதி பேச்சு மாறவில்லை, தவறு என்னுடையது என்று எழுதியிருந்தாள். சாக்கு எதையாவது உள்ளே வைத்திருக்கிறாளா என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. தாளை இடம் மாற்றிவிடுங்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சுருக்கமாக எழுதுங்கள், அச்சிடுகிறோம் என்றார்கள். நாற்பது பக்கம் இரண்டரைப் பக்கமானது.

ஏர் ஓட்டுகிறவனை அந்த நீதிபதி கடைசிவரை தொடவிடவில்லை. நடுவில் நாலு வருஷம் என் தங்கைதான் அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள்.

புத்தகம் இப்போது கடையில், வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. முன்னுரையின் கடைசி வரி: “தாள் வரிசையைச் சரிசெய்தவர், தையற்காரரான என் அண்ணன்.” நான் தையற்காரன் அல்ல, இழை எடுத்து ஓட்டை மூடுகிறவன். அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்லியிருக்கிறேன். அதுவரை, யாருக்காவது காட்டும்போது அந்த ஒரு சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறேன்.