கூடத்தில் கட்டிய மாடுகள்

புயல் வருமென்று ரேடியோ சொன்னதும் வீட்டைத் தயார் செய்தேன். அரிசியும் மண்ணெண்ணெயும் பரண் ஏறின. வைக்கோல் போருக்குக் கயிறு போட்டேன். கொட்டகை தாங்காதென்று எட்டு மாடுகளையும் கூடத்துத் தூண்களில் கட்டினேன்.

மதியம் காற்று வலுத்து ஊருக்குள் வெள்ளம் ஏறியபோது, என் வயலில் நடவு நடும் பெண் இரண்டு பிள்ளைகளோடு வாசலுக்கு வந்தாள். குடிசையின் கூரை பறந்துவிட்டது. அவள் புருஷன் அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்தவன்.

"புள்ளைங்கள மட்டுமாவது உள்ள விடுங்கய்யா."

"கொடி புடிச்சீங்கல்ல, அதுக்குக் கீழ போய் ஒண்டுங்க."

கொடி வெறும் சாக்கு. சேரிக்காரர் கூடம் ஏறக்கூடாது என்பதே காரணம். சாதி ஒழிப்பு பற்றிக் கட்சி மேடைகளில் மணிக்கணக்கில் பேசிய பட்டதாரி நான். கதவைச் சாத்தினேன். மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடம் வரை நடந்து போய்த் தப்பினார்கள்.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. கூடம் முழுக்கச் சாணியும் மூத்திரமும். அள்ள ஆள் வேண்டும். அவளுக்கே சொல்லி அனுப்பினேன். வீட்டில் பிடி அரிசி இல்லாததால் வந்தாள். கூடத்துப் படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இப்ப உள்ள வரலாமாங்க?"

"ம். சீக்கிரம் அள்ளு," என்றேன்.

சாணி நாற்றம் அன்றே போயிற்று. அந்த "ம்" இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.