சிவப்புத் தாள் வாங்கப் பினாங்கு போனது

காலை ஏழரைக்கு நிபோங் திபாலில் பஸ் ஏறினேன். பட்டர்வொர்த் இருபது மைல். அங்கே ஃபெரி பிடித்து, ஒன்பதரைக்கு ஜார்ஜ் டவுனில் இறங்கினேன்.

நான் புத்தகம் கட்டுகிறவன். மகன் செல்வம் கோயிலில் பாடுகிற பாட்டுப் புத்தகம் தையல் விட்டுக் கிடந்தது. மீன் படகில் போனவன் மூன்று வாரமாகத் திரும்பவில்லை. படகும் வரவில்லை. அவன் வருவதற்குள் கட்டி வைக்கச் சொன்னாள் மனைவி. அட்டையின் உள்பக்கம் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டுமாம்.

வழக்கமாக வாங்கும் கடை சாத்தியிருந்தது. கார்னர்வன் தெருவில் இன்னொரு கடை வாசலில் கலர் கலராகத் தாள் தொங்கியது. நுழைந்துவிட்டேன். உள்ளே தாளில் செய்த வீடு, கார், ஆள் உயரத்துக்கு வேலைக்காரப் பொம்மைகள். சீனர்கள் செத்தவர்களுக்கு எரிக்கிற சாமான். அது அவர்களுடைய பேய் மாதம், செத்தவர்கள் திரும்பி வருகிற மாதம். வேலைக்காரர்கள் ஒருவருக்கும் கண் இல்லை. காற்றும் இல்லை. ஒருவனுடைய சட்டைக் கை மட்டும் ஆடியது.

கடைக்காரச் சீன அம்மா ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவளாம். தமிழ் பேசினாள். பொம்மைக்குக் கண்ணை, அதை எரிக்கிற அன்றைக்குத்தான் வரைவார்களாம். முன்னாடியே வரைந்தால் பார்க்க ஆரம்பித்துவிடுமாம்.

சிவப்புத் தாள் கேட்டேன். எடுக்கப் போன அவள் கை நின்றது.

"யாருக்கு அண்ணே?"

"மகனுக்கு."

"இருக்கானா, போய்ட்டானா? இருந்தா சிவப்பு. போயிருந்தா நீலம். மாத்திக் கொடுக்கக்கூடாது லா."

"வருவான்."

"இந்த மாசம் போனவங்களும்தான் வருவாங்க. நான் அதைக் கேக்கல."

அவள் இரண்டு நிறத்துத் தாளையும் எடுத்து வைத்தாள். விரலில் எச்சில் தொட்டு இரண்டையும் தேய்த்துப் பார்த்தேன். தாள் வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பது. நீலம் அசையவில்லை. சிவப்பு விரலில் வந்துவிட்டது. பசை பட்டால் சாயம் ஓடும், பாட்டு வரைக்கும் இறங்கும். தொழிலுக்கு நீலம்தான்.

"இருக்கான்" என்றேன்.

பொம்மையின் சட்டைக் கை ஆடுவது நின்றது. அவளும் அதைப் பார்த்தாள். சிவப்பில் இரண்டு தாள் சுருட்டிக் கொடுத்தாள். விலை ஒரு வெள்ளி இருபது காசு.

திரும்பும்போது ஃபெரியில் தூறல். கக்கத்தில் இருந்த தாளின் சாயம் சட்டையில் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் ரத்தமா என்று கேட்டார். தாள் என்றேன். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

எல்லாரும் பினாங்குக் கரையைப் பார்த்தார்கள். நான் கடல் பக்கம் நின்றேன். தெற்கே ஒரு மீன் படகு தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் படகு இல்லை.

பசையைக் கெட்டியாகக் காய்ச்சி ஒட்ட வேண்டும். அப்படியும் சாயம் ஓடத்தான் செய்யும். நீலம் என்றால் புத்தகம் என் காலத்துக்கு அப்புறமும் நிற்கும். பாடுகிறவன் இல்லாமல் புத்தகம் நின்று என்ன.